நயாகராவைக் கயிற்றில் கடந்த பிளாண்டின்: 72 வயதிலும் கயிற்றில் ஏறியது எப்படி? கால்களின் பேலன்ஸ் சொல்லும் கதை

1859-ம் ஆண்டு ஜூன் 30. அமெரிக்காவுக்கும், அப்போது பிரிட்டிஷ் ஆளுகையில் இருந்த கனடாவுக்கும் நடுவே ஓடும் நயாகரா ஆற்றின் இரண்டு கரையிலும் பெரும் கூட்டம். நடந்து வந்தவர்கள், ரயிலில் வந்தவர்கள், படகில் வந்தவர்கள் என எல்லோருடைய கண்ணும் ஒரே ஒரு கயிற்றின் மேல்தான் இருந்தது.

கயிற்றின் நீளம் சுமார் 1,100 அடி. அதாவது ஏறக்குறைய 335 மீட்டர். கீழே சீறி ஓடும் தண்ணீருக்கும் கயிற்றுக்கும் இடையே 160 அடி உயரம். இன்றைய கணக்கில் ஒரு 15 மாடிக் கட்டடத்தின் உயரம். வலை கிடையாது. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கிடையாது.

அமெரிக்கக் கரையில் இருந்து கிளம்பிய அந்த மனிதர், பாதி வழியில் கயிற்றிலேயே உட்கார்ந்தார். கீழே நின்ற படகில் இருந்து ஒரு பாட்டிலைக் கயிறு விட்டு மேலே இழுத்தார். குடித்துவிட்டு எழுந்து, கடைசித் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து கனடா கரையில் இறங்கினார்.

அவர்தான் சார்லஸ் பிளாண்டின். இதை அவர் ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தவில்லை. அடுத்த 37 ஆண்டுகள் கயிற்றின் மேல்தான் அவருடைய பிழைப்பு ஓடியது.

இதெல்லாம் வெறும் தைரியமா? அல்லது அவருடைய காலிலும் இடுப்பிலும் நமக்கு இல்லாத ஏதாவது இருந்ததா?

யார் இந்த பிளாண்டின்?

அவருடைய சொந்தப் பெயர் ஜான் ஃபிரான்சுவா கிராவெலே. 1824-ம் ஆண்டு பிப்ரவரி 28-ல் வடக்கு பிரான்ஸில் பிறந்தார். ஐந்து வயதில் லியோன் நகரில் இருந்த உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஆறே மாதப் பயிற்சியில் மேடை ஏறிவிட்டார். சின்ன அதிசயம் என்ற பொருள்படும் பட்டப்பெயரில் அந்தப் பொடியனைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

1850-களில் ராவெல் என்ற சர்க்கஸ், நாடகக் குழுவோடு அமெரிக்கா போனார். 1858-ல் நயாகராவைப் பார்த்தார். மற்றவர்கள் அருவியின் அழகைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, இவர் கரைக்குக் கரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிளாண்டின் நயாகரா அருவிக்கு நேர் மேலே நடக்கவில்லை. அருவி விழுந்த பிறகு ஆறு ஓடும் ஆழமான பள்ளத்தாக்குக்கு மேலேதான் நடந்தார். அருவிக்கு நேர் மேலே கயிற்றில் நடந்தவர் நிக் வாலெண்டா. அது 2012-ம் ஆண்டு, ஒளிபரப்பிய தொலைக்காட்சியின் நிபந்தனைப்படி பாதுகாப்பு பெல்ட்டோடு நடந்தது.

கயிறே ஒரு சவால்

பிளாண்டின் நடந்த நார்க்கயிற்றின் விட்டம் 3 இன்ச்சுக்குச் சற்று அதிகம், சுமார் 8 சென்டிமீட்டர். பாதத்தின் அகலம் அளவுக்கே இடம். அவ்வளவுதான்.

அதுவும் தரை போல நேராக இருக்காது. இவ்வளவு நீளமான கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதன் எடையாலேயே நடுவில் தொய்ந்துவிடும். அதனால் முதல் பாதி இறக்கம், மறு பாதி ஏற்றம். இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசைகள் பிரேக் பிடிக்கிற மாதிரி வேலை செய்ய வேண்டும். ஏற்றத்தில் பின்புறத் தசையும் கெண்டைக்காலும் உடலை மேலே தள்ள வேண்டும். ஒரே நடையில் இரண்டு விதமான உழைப்பு.

கயிறு பக்கவாட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடாமல் இருக்க, இரண்டு பக்கமும் வரிசையாக இழுப்புக் கயிறுகள் கட்டிக் கரையில் முளையடித்திருந்தார்கள். ஆனால் சரியாக நடுப்பகுதியில் சில பத்து அடி தூரத்துக்கு இழுப்புக் கயிறு கட்ட வழியில்லை. உயரமும் தூரமும் அப்படி. ஆக, மிக ஆபத்தான இடத்தில்தான் கயிறு அதிகம் ஆடியது.

பேலன்ஸ் என்றால் ஆடாமல் நிற்பதா?

பேலன்ஸ் என்றதும் சிலை மாதிரி அசையாமல் நிற்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை.

ஒரு சின்ன சோதனை. சுவர் அருகே நின்று, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடிப் பாருங்கள். லேசாக முன்னே, பின்னே, பக்கவாட்டில் ஆடுவது உங்களுக்கே தெரியும். கண் திறந்திருக்கும்போதும் இந்த ஆட்டம் உண்டு, அளவுதான் குறைவு. நாம் நிற்கிற ஒவ்வொரு நொடியும் உடம்பு கொஞ்சம் சாய்கிறது, தசைகள் அதைத் திருப்பி இழுக்கின்றன. சாய்வதும் மீட்பதும் நிற்காமல் நடக்கும் வேலை.

இதற்குள் இருக்கும் கணக்கு எளிமையானது. நம் உடல் எடையின் மையம், அதாவது ஈர்ப்பு மையம், நிற்கும்போது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடம்புக்கு உள்ளே இருக்கிறது. அதில் இருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அது இரண்டு பாதமும் சேர்ந்து அடைக்கும் இடத்துக்குள் விழ வேண்டும். வெளியே போனால் சாய்வோம். சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் விழுவோம்.

நடக்கும்போது கதை இன்னும் சுவாரசியமானது. ஒரு காலைத் தூக்கிய உடனே உடம்பு விழ ஆரம்பிக்கிறது. அடுத்த காலை ஊன்றி அந்த விழுதலைப் பிடிக்கிறோம். அப்புறம் மறுபடி. அதனால்தான் இதை இயக்கச் சமநிலை என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள்.

தரையில் நடக்கிற நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இடது பக்கம் சாய்ந்தால், அடுத்த காலைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்தால் போதும். பக்கவாட்டில் விழாமல் இருக்க மனித உடம்பு பயன்படுத்தும் முக்கியமான வழியே இதுதான்: பாதத்தை வைக்கிற இடத்தை மாற்றுவது.

கயிற்றில் அந்த வசதி இல்லை. இடது பக்கம் காலைத் தள்ளி வைத்தால், அங்கே காற்றுதான் இருக்கிறது. நாம் யோசிக்காமலே பயன்படுத்தும் இந்த வழி அடைபட்ட நிலையில்தான் பிளாண்டின் 1,100 அடி நடந்தார்.

கணுக்கால், முட்டி, இடுப்பு: யாருக்கு என்ன வேலை?

பாதத்தை நகர்த்த முடியாவிட்டால் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது?

முதல் ஆள் கணுக்கால். சின்ன ஆட்டம் என்றால் கணுக்காலே சமாளித்துவிடும். கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் பாதத்தை ஒரு பக்கம் திருப்ப, உள்பக்கத் தசைகள் மறுபக்கம் திருப்ப, உடம்பு மொத்தமும் ஒரே குச்சி மாதிரி மெல்ல நேராகும். ஆனால் இதற்குப் பாதத்தின் கீழே அகலமான தளம் வேண்டும். உருண்டையான கயிற்றின் மேல் கணுக்காலால் கொடுக்க முடிந்த திருப்பம் ரொம்பக் குறைவு.

அப்போது இரண்டாவது ஆள் வருகிறார்: இடுப்பு. நிற்கிற தளம் குறுகினால், மனிதர்கள் தாமாகவே கணுக்காலை விட்டுவிட்டு இடுப்பை வளைத்துச் சமாளிக்க ஆரம்பிக்கிறார்கள் என்பதை 1980-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. மேல் உடம்பு ஒரு பக்கம் போனால், இடுப்பும் காலும் எதிர்ப்பக்கம் போகும். வரப்பில் நடக்கும்போதும், ஒத்தைக்காலில் நின்று செருப்பு மாட்டும்போதும் நாம் செய்வது இதைத்தான்.

இந்த வேலையில் முக்கியமான தசை இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். ஒரு காலைத் தூக்கும்போது இடுப்பு எலும்பு அந்தப் பக்கம் சரியாமல் தாங்கிப் பிடிப்பது இதுதான். கயிற்றில் ஒவ்வொரு அடியும் ஒத்தைக்கால் நிலைதான் என்பதால், பிளாண்டினின் இந்தத் தசைக்கு ஓய்வே இல்லை.

முட்டிக்கும் வேலை உண்டு. லேசாக மடங்கிய முட்டி, மேலும் கீழும் துள்ளும் கயிற்றுக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி இருக்கும். விறைத்து நீட்டிய காலில் அந்தத் துள்ளல் நேராக இடுப்புக்கும் தலைக்கும் ஏறிவிடும்.

இவ்வளவும் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது தெரியுமா? தடுமாறிய நொடியில் இருந்து தசை பதில் கொடுக்க ஆகும் நேரம் சுமார் பத்தில் ஒரு நொடி. யோசித்து முடிவெடுக்க அங்கே நேரம் கிடையாது. ஐந்து வயதில் இருந்து பல்லாயிரம் தடவை தடுமாறி, மீண்டு, உடம்புக்குள் பதிந்துபோன பதில்கள்தான் அவரைக் காப்பாற்றின.

கையில் இருந்த கம்பு எதற்கு?

பிளாண்டினின் பழைய படங்களில் கையில் ஒரு நீண்ட கம்பு இருக்கும். நம் ஊர்க் கழைக்கூத்தாடிகள் கையில் மூங்கில் பிடித்திருப்பார்களே, அதே தத்துவம்தான்.

கனமான, நீளமான பொருளைச் சுழற்றுவது கஷ்டம். எடை நடுவில் இல்லாமல் இரண்டு முனைகளுக்கும் தள்ளிப் பரவியிருந்தால் இன்னும் கஷ்டம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும் நிலைமத் திருப்புத்திறன் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 18 கிலோ எடை உள்ள ஒரு கம்பு. அதைப் பிடித்திருப்பவர் 64 கிலோ எடையுள்ள, அதிக உயரமில்லாத ஒரு மனிதர். பக்கவாட்டில் சாய்ந்து விழுவதற்கு எதிராக அவருடைய உடம்பு தரும் தடையைவிட, அந்தக் கம்பு மட்டும் தரும் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். எடையில் உடம்பின் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத ஒரு பொருள், விழும் வேகத்தை அந்த அளவுக்குக் குறைக்கிறது.

அதாவது கம்பு விழாமல் தடுப்பதில்லை, விழுவதை மெதுவாக்குகிறது. அந்தக் கூடுதல் நேரத்தில் கணுக்காலும் இடுப்பும் தங்கள் வேலையைச் செய்துகொள்ளும்.

இன்னொரு பயனும் உண்டு. உடம்பு இடது பக்கம் சாயும்போது கம்பின் இடது முனையைச் சட்டென்று கீழே அழுத்தினால், அதன் எதிர்வினையாக உடம்பு வலது பக்கம் திரும்பும். காலால் தர முடியாத பிடிமானத்தைக் கம்பு தருகிறது. கம்பின் இரண்டு முனைகளும் சற்றுக் கீழே தொங்கினால் மொத்த ஈர்ப்பு மையமும் கொஞ்சம் கீழே இறங்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தது எப்படி?

முதல் நடைக்குப் பிறகு கூட்டம் குறையக் கூடாதே என்று பிளாண்டின் ஒவ்வொரு முறையும் புதுசாக ஏதாவது செய்தார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மரக்கால்களில் ஏறி நடந்தார். சாக்குக்குள் புகுந்துகொண்டு நடந்தார். நடுவழியில் உட்கார்ந்து ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டும் நடந்தார்.

இதில் விஞ்ஞானத்துக்கு சுவாரசியமானது கண்ணைக் கட்டிய நடைதான்.

உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்பவை மூன்று. ஒன்று கண். இரண்டாவது காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய நுண் உறுப்புகளும். தலை திரும்புவதையும் சாய்வதையும் இவை கண்டுபிடிக்கும். மூன்றாவது உள்ளங்காலின் தொடு உணர்வும், தசையும் மூட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்லும் நரம்புகளும்.

இந்த மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் கூடுதல் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கண்ணை மூடி நிற்கச் சொல்லி நரம்பு மருத்துவர்கள் செய்யும் சோதனை இதை வைத்துத்தான். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் விளக்கியதால் அதற்கு ராம்பெர்க் சோதனை என்று பெயர்.

பிளாண்டின் கண்ணைக் கட்டியதும், கயிறு எந்தப் பக்கம் போகிறது என்பதை உள்ளங்கால்தான் அவருக்குச் சொல்லியாக வேண்டும். பாதத்தின் கீழே கயிறு எந்த இடத்தில் அழுத்துகிறது, எவ்வளவு நகர்கிறது என்பதை அவருடைய பாதம் படித்தது. கயிற்றில் நடப்பவர்கள் இன்றும் தடிமனான ஷூ போடாமல் மெல்லிய தோல் செருப்பு அணிவது இந்த உணர்வு மழுங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

முதுகில் ஒரு ஆள்

1859 ஆகஸ்டில் பிளாண்டின் செய்ததுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. தன் மேனேஜர் ஹாரி கோல்கார்டை முதுகில் சுமந்துகொண்டு கயிற்றைக் கடந்தார்.

வளர்ந்த ஒரு ஆளை முதுகில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடும். கால் தசைகளுக்கு ஏறக்குறைய இரட்டைச் சுமை. ஆனால் பிளாண்டினுக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. கோல்கார்டு பயந்துபோய்த் தானாக பேலன்ஸ் பண்ண ஆரம்பித்தால் என்ன ஆகும்?

பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வளைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் இது புரியும். ஒரே உடம்பில் இரண்டு மூளை தனித்தனியாக உத்தரவு போடுகிற கதை அது.

அதனால் பிளாண்டின் கோல்கார்டுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். தான் ஆடினால் கூடவே ஆட வேண்டும், சொந்தமாக பேலன்ஸ் பண்ண முயலவே கூடாது, தன் உடம்பின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இப்படிச் சொல்லப்பட்டதாக கோல்கார்டே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

வழியில் பிளாண்டின் களைத்துப்போனார். கோல்கார்டு பலமுறை இறங்கிக் கயிற்றில் நிற்க வேண்டி வந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிய பிறகு மறுபடி முதுகில் ஏறுவார். தசை களைத்தால் அதன் பதில் தாமதமாகும். பத்தில் ஒரு நொடியில் வர வேண்டிய பதில் தாமதமானால், கயிற்றில் அதற்கு மன்னிப்பு இல்லை. ஓய்வு எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்ததும் பிளாண்டினின் திறமையில் ஒரு பங்குதான்.

கடைசியில் இரண்டு பேரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள்.

பேலன்ஸ் காப்பாற்றாத இடம்

1861-ல் பிளாண்டின் லண்டன் போனார். அங்கே புகழ்பெற்ற கிரிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகைக்குள் கட்டிய கயிற்றில், மரக்கால்களோடு குட்டிக்கரணம் போட்டார். தன் சின்ன மகளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்தும் கயிற்றில் தள்ளிக்கொண்டு போனார். இதற்கு எதிர்ப்பு கிளம்ப, குழந்தையை ஏற்றக் கூடாது என்று அரசு தலையிட்டது. தன் கால் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை வேறு, ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பது வேறு என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது என்று காட்டிய சம்பவமும் நடந்தது. 1860-களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிளாண்டின் நிகழ்ச்சி நடத்தியபோது கயிறு அறுந்து, அதைத் தாங்கிய சாரம் சரிந்தது. பிளாண்டினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரத்தின் மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் விழுந்து இறந்தார்கள். விசாரணையில் பிளாண்டின் மீது குற்றம் சொல்லப்படவில்லை. கயிற்றின் தரம்தான் கேள்விக்கு உள்ளானது.

அடுத்தது இன்னும் கொடுமை. பிளாண்டினின் புகழைப் பார்த்து இங்கிலாந்து முழுக்க அவரைப் போலச் செய்பவர்கள் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் செலினா பவல். விளம்பரங்களில் அவருக்குப் 'பெண் பிளாண்டின்' என்று பெயர். 1863 ஜூலையில் பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பூங்காவில், கூட்டத்துக்கு நடுவே அவர் நடந்துகொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. கீழே விழுந்த அவர் அங்கேயே இறந்தார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி.

அந்தப் பூங்காவை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு திறந்துவைத்தவர் விக்டோரியா மகாராணி. ஒரு பெண்ணின் உயிரை இப்படி வேடிக்கைக்குப் பலி கொடுத்ததைக் கண்டித்து அவர் சார்பில் நகர மேயருக்குக் கடிதம் போனது.

இரண்டு சம்பவத்திலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. கயிற்றில் இருந்தவரின் கால் தவறவில்லை, கயிறுதான் தவறியது. மனித உடம்பின் பேலன்ஸ் எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும், காலுக்குக் கீழே இருக்கும் தளம் உறுதியாக இருந்தால்தான் அதற்கு வேலை. ஈரமான குளியலறைத் தரையும், வெளிச்சம் இல்லாத மாடிப்படியும், உடைந்த நடைபாதையும் நம் வீட்டிலும் தெருவிலும் இருக்கும் அறுந்த கயிறுகள்.

72 வயதிலும் கயிற்றில்

பிளாண்டின் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். ஆஸ்திரேலியா உட்பட பல நாடுகளில் நிகழ்ச்சி நடத்தினார். கொஞ்ச காலம் ஓய்வில் இருந்தார். ஆனால் வீட்டில் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. 1880-ல் மறுபடி கயிற்றில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 56.

அவருடைய கடைசி நிகழ்ச்சி 1896-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தது. வயது 72.

வயசானால் பேலன்ஸ் குறையும் என்பது உண்மை. தசை மெலிகிறது. காதுக்குள் இருக்கும் நுண்ணிய உணர் செல்கள் குறைகின்றன. கண் மங்குகிறது. உள்ளங்காலின் உணர்வு மழுங்குகிறது. தடுமாறியதும் வரும் பதில் தாமதமாகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இது நடப்பதில்லை. உடம்பு எதைத் தொடர்ந்து செய்கிறதோ, அதைச் சீக்கிரம் விட்டுக்கொடுப்பதில்லை. பிளாண்டின் மாதிரி ஒருவர் 67 ஆண்டுகளாக அந்த நரம்புகளுக்கும் தசைகளுக்கும் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1897 பிப்ரவரி 22-ல், 73-வது பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது பிளாண்டின் இறந்தார். கயிற்றில் இருந்து விழுந்து அல்ல. லண்டனின் ஈலிங் பகுதியில் இருந்த தன் சொந்த வீட்டில், சர்க்கரை நோயால். அந்த வீட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் நயாகரா ஹவுஸ். அந்தப் பகுதியில் பிளாண்டின் பெயரிலும் நயாகரா பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன.

அவரைக் கொண்டுபோன சர்க்கரை நோய்தான் இன்று பலருடைய பேலன்ஸையும் கெடுக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, பாதத்தின் நரம்புகளைப் பாதித்து உள்ளங்கால் உணர்வைக் குறைக்கும். அப்படியானால் மூளைக்குத் தகவல் சொல்லும் மூன்று வழிகளில் ஒன்று பலவீனமாகிவிடுகிறது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

கயிற்றில் ஏறி யாரும் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. ஆனால் விழுவது சின்ன விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். விபத்துக் காய மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 60 வயதைக் கடந்தவர்களிடம்தான் இந்த மரணங்கள் அதிகம்.

2022-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான பிரேசில் ஆய்வு 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைக் கவனித்தது. 10 நொடி ஒத்தைக்காலில் நிற்க முடியாதவர்கள் ஐந்தில் ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்கள் இவர்களிடையே அதிகமாக இருந்தார்கள். ஒத்தைக்காலில் நிற்காததால் அவர்கள் இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பின் பொதுவான நிலையை அந்த 10 நொடி காட்டிக்கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல செய்தியும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, வீட்டில் வாழும் முதியவர்கள் உடற்பயிற்சி செய்தால் விழும் தடவைகளின் எண்ணிக்கை சுமார் 23% குறைவதாகச் சொல்கிறது. பேலன்ஸும் கால் வலுவும் சேர்ந்த பயிற்சிகளுக்கு இதில் முக்கிய இடம். ஓடுபவர்களும் விளையாடுபவர்களும் இதே பயிற்சியைச் செய்தால் கணுக்கால் சுளுக்கு குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை:

• சுவரையோ நாற்காலியையோ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒத்தைக்காலில் நிற்பது. 10 நொடியில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம்.

• ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் நடப்பது. பிளாண்டினின் நடை இதுதான், தரையில்.

• கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்வது. தொடைக்கும் இடுப்புக்கும் இது வலு கொடுக்கும்.

• படுத்துக்கொண்டு பக்கவாட்டில் காலைத் தூக்கி இறக்குவது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கானது.

தலைசுற்றல் உள்ளவர்கள், ஏற்கெனவே விழுந்தவர்கள், காலில் மரத்துப்போகும் உணர்வு உள்ள சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கண்ணை மூடிச் செய்யும் பயிற்சியைத் தனியாக முயல வேண்டாம்.

நயாகராவில் கூட்டம் பார்த்தது ஆடாமல் அசையாமல் நடந்த ஒரு மனிதரை. ஆனால் கயிற்றின் மேல் நடந்தது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு நொடியும் அவர் தடுமாறினார், ஒவ்வொரு நொடியும் மீண்டார். தடுமாற்றம் வெளியே தெரியாத அளவுக்கு மீள்வதில் வேகம் இருந்தது. ஐந்து வயதில் அவர் தொடங்கிய பயிற்சி அதற்காகத்தான். அதே பயிற்சியின் எளிய வடிவத்தை, அவர் கடைசியாகக் கயிறு ஏறிய 72 வயதிலும் தரையில் தொடங்க முடியும். சுவர் மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.